வலைக்கு விரித்த நிழல்

மார்ச் 9, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். மனிதர்களிடம் சொல்ல முடியாவிட்டால் இந்த நோட்டிடமாவது சொல்கிறேன். இது எதிர்த்துப் பேசாது. முதுகுக்குப் பின்னால் சிரிக்காது.

இன்று பதினோரு மணிக்குக் கடலில் வெப்பம் அளந்தேன். வெப்பமானியை நிழலில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். எங்கள் படகில் நிழலே இல்லை. கடைசியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, என் நிழலிலேயே அதைத் தொங்கவிட்டு அளந்தேன். முப்பத்தொன்பது. மேலே இருந்து அடிப்பது மட்டும் இந்தக் கணக்கு. தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்து தாடைக்கு அடிப்பதை எந்தக் கருவியில் அளப்பது?

நிழலே இல்லை என்று எழுதியது தவறு. இருக்கிறது, வலைக்கு. நைலான் நூல் வெயில் பட்டால் இற்றுப்போகும் என்று தார்ப்பாயை வலையின் மேல் போர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறான் அண்ணன். மீனுக்கு ஐஸ் இருக்கிறது. எஞ்சினுக்கு மரக்கூடு இருக்கிறது. ஐந்து ஆட்களுக்குத்தான் ஒன்றுமில்லை. நாங்கள் இற்றுப்போனால் வேறு ஆள் பிடித்துக்கொள்வான்.

அந்தத் தார்ப்பாய் போன மாதம் வரை எங்கள் தலைக்கு மேல்தான் இருந்தது. நான்கு அலுமினியக் குழாய்களைத் தளத்தில் நட்டு மேலே கட்டியிருந்தோம். அண்ணன் புதிதாக இரண்டு வலை வாங்கினான். கடலில் விரித்த வலையின் முனை எங்கே என்று தெரிய, மிதவையில் கொடிக்கம்பு நட வேண்டும். "அந்த நாலு குழாய் சும்மாதானடா நிக்குது" என்றான், கரையில் நின்றபடி. சும்மா நிற்கிறதாம்! அவன் கடைசியாகக் கடலுக்கு வந்து பதினாறு வருடமாகிறது.

குழாய்களை அறுத்தது யார் என்பதை இன்று எழுதப் போவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வலது காதில் தோல் உரிகிறது. எண்ணெய் தடவச் சொன்னாள் மனைவி. தடவிக்கொண்டு போனால் நன்றாக வறுபடுவேன்.

மார்ச் 12, வியாழன்

அண்ணனிடம் பேசிவிட்டேன்.

படகுத்துறையில் அவனுடைய அறை. மேலே மின்விசிறி, மேசையில் வயர்லெஸ் பெட்டி, பக்கத்தில் வியர்த்து நிற்கும் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில். அந்த அறையில் வியர்ப்பது அந்தப் பாட்டில் மட்டும்தான்.

"அண்ணே, தார்ப்பாயை மறுபடி மேல கட்டணும். வெயில் தாங்கல."

"காத்துப் புடிக்கும்டா. படகு மெதுவா வரும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள சந்தை முடிஞ்சிடும்."

"ஆள் விழுந்தா?"

"அப்பா இருபத்தஞ்சு வருஷம் தலையில ஒரு துண்டோட போனாரு. விழுந்தாரா?"

அப்பாவின் கீழ் உதட்டில் கடைசிவரை ஆறாத புண் ஒன்று இருந்தது. அவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான். படகு மட்டும் அவன் பேருக்குப் போனது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படியிறங்கிய பிறகுதான் எனக்குப் பதில் வரும். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

"நீ படிச்சவன். எதையாவது புடிச்சு நோண்டிக்கிட்டே இருப்ப. பள்ளிக்கூடத்துலயும் கடுதாசி எழுதித்தானே வெளிய வந்த? போ, போய் ஒரு தொப்பி வாங்கிக்கோ."

உண்மைதான், எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் எரிவாயு கசிகிறது என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். கீழே முழுப் பெயர், பட்டம், தேதி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர்கள் சிலிண்டரை மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டவனை மாற்றினார்கள். பன்னிரண்டு வருடமாகியும், வேலைநீக்கத் தாளோடு வந்த தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் காதில் இருக்கிறது.

மார்ச் 14, சனி

தொப்பி வாங்கினேன். நாலு பக்கமும் அகலமான விளிம்பு, காற்றுக்குப் பறக்காமல் தாடையில் கட்ட நாடா. முழுக்கைச் சட்டை, கழுத்துக்கு ஈரத்துண்டு, மூக்கிலும் உதட்டிலும் வெள்ளைக் களிம்பு. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு செய்தது. தண்ணீர் விஷயமும் சொன்னேன்: தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம், அரை மணிக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். சுக்கானில் ஒருவரே உட்காரக் கூடாது, மணிக்கு ஒருமுறை மாற வேண்டும்.

யாராவது காது கொடுத்தார்களா?

சுக்கான் பிடிப்பவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். படகின் பின்கோடியில் ஒரு பலகை. ஒதுங்க ஒரு சாண் மறைப்பு கிடையாது. விடியலில் உட்கார்ந்தால் திரும்பிக் கரைக்கு வரும்வரை அதே பலகைதான். சுக்கானை இன்னொருவர் கையில் கொடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"மாப்பிள, கடலுக்கு வர்றீங்களா, கல்யாணத்துக்குப் போறீங்களா?"

ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மொட்டை விடுவானா? "விடுங்கண்ணே, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சது மிச்சமாயிருக்கும்."

அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். மச்சான் வயர்லெஸ்ஸை எடுத்தார். "எல்லாப் படகும் கேட்டுக்கங்க. எங்க படகுல இனிமே வாத்தியார் மணி அடிச்சாத்தான் தண்ணி குடிக்கணும்!" கடல் முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒரு படகிலிருந்து தட்டைத் தட்டி டிங் டிங் என்று மணியடித்தான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

கரையில் அண்ணன் அறையிலும் அது கேட்டிருக்கும். அவனும் சிரித்திருப்பான்.

முடிவு செய்துவிட்டேன். இனி அந்த ஆளோடு எனக்குப் பேச்சில்லை. தலை காய்ந்து சாகட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

மூன்று நாளாகப் பேசவில்லை. முன்கோடியில் போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.

"மாப்பிள, கோவமா?" என்று பின்னாலிருந்து கத்தினார். எஞ்சின் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்தேன்.

இன்று முழுக்க இரண்டே முறைதான் தண்ணீர் குடித்தார். எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

இன்று எழுத முடியாது.

மார்ச் 19, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்வேன்.

நேற்று வலையைத் தூக்கி முடிக்கும்போது மணி ஒன்றரை. காற்று சுத்தமாக இல்லை. கடல் தகரம் மாதிரிக் கிடந்தது. கரைக்குத் திரும்பினோம். நான் வழக்கம்போல் முன்னால், முதுகைத் திருப்பி. எனக்குப் பின்னால் மச்சான் வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிடுவது கேட்டது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவில் ஒரு சிரிப்பு. கரையிலிருந்து அண்ணன் குரல்: "டேய், குடிச்சிருக்கியா? குடிச்சிட்டா படகு ஓட்டுற?"

நான் என்ன நினைத்தேன்? மறுபடியும் என்னை வைத்து ஏதோ நையாண்டி என்று நினைத்தேன். தட்டில் யாராவது டிங் டிங் அடிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

என் நிழல் என் வலப்பக்கம் விழுந்திருந்தது. சற்று நேரத்தில் அது முன்னால் வந்தது. பிறகு இடப்பக்கம் போனது. பிறகு பின்னால். வெயில் நகரவில்லை, படகு வட்டமடிக்கிறது. இயற்பியல் படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் திரும்பவில்லை. கோமாளித்தனம் பண்ணுகிறார், பண்ணட்டும், நான் திரும்பினால் அவருக்கு வெற்றி — இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. நிழல் ஒரு முழுச் சுற்று வந்தது. இரண்டாவது சுற்று பாதியில்தான் திரும்பினேன்.

சுக்கான் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

தொட்டால் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. தோல் காகிதம் மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஏதோ முனகினார். "அண்ணன் சரக்கு போட்டுட்டாரா?" என்றான் மொட்டை, அவரைக் காட்டி. மச்சான் ஆறு வருடமாகக் குடியைத் தொட்டதில்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தவனுக்கே அப்படித் தோன்றியது.

"ஐஸை எடு!"

மொட்டை பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். "வாத்தியாரே, மீனு கெட்டுடும். முதலாளி என்னைத் தொலைச்சுடுவாரு. கரைக்கு வர்ற வரைக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அவனைப் பிடித்துத் தள்ளினேன். வாழ்க்கையில் முதல்முறை ஒருவனைத் தள்ளினேன். மீனை அள்ளித் தளத்தில் கொட்டினேன். ஐஸைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தேன். சட்டையைக் கிழித்து மேலெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் மேலே வெயில்! ஊற்றுகிற தண்ணீர் ஊற்றுகிற வேகத்தில் சூடாகிறது. வலையின் மேலிருந்த தார்ப்பாயை உருவினேன். கட்டுவதற்குக் குழாய் இல்லை. குழாய்கள் நான்கும் கொடியோடு பக்கத்திலேயே கிடந்தன. அவற்றின் அடிப்பாகம் மட்டும் துருப்பிடித்த ஆணியோடு தளத்தில் நிற்கிறது, முழங்கால் உயரத்துக்கு. ஆணி கழலவில்லை என்று ரம்பம் வைத்து அறுத்தது நான்தான். அண்ணன் சொன்னான், நான் அறுத்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. நேர்த்தியாக அறுத்தேன், விளிம்பைக்கூட அரம் போட்டுத் தேய்த்தேன்.

வலை இழுக்கும் இருவரில் ஒருவர் சுக்கானைப் பிடித்தார். இன்னொருவரும் மொட்டையும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைக் கையால் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு மணி பத்து நிமிடம். கைமாற்ற ஆளில்லை. மொட்டை கை மரத்துப்போய்த் தலையால் முட்டுக்கொடுத்தான். ஆனாலும் இறக்கவில்லை.

நான் அறுத்த குழாய்கள் நின்ற இடத்தில் இரண்டு மனிதர்கள் நின்றார்கள்.

மார்ச் 21, சனி

மச்சான் பிழைத்துக்கொண்டார். "ஐஸ் வெச்சது யாரு?" என்று கேட்டார் டாக்டர். கையைத் தூக்கக் கூசியது.

மூளையில் சூடு ஏறியிருக்கிறதாம். நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் அப்படியே நின்றும் போகலாம் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "என் காதால கேட்டேன். வயர்லெஸ்ல நாக்கு அப்படியே குழறுது. குடிக்காதவனுக்கு எதுக்குக் குழறணும்?"

என்னைப் பார்த்ததும், "ஒரு பெட்டி மீனையும் குப்பையில கொட்டிட்டியே தம்பி" என்றான்.

மார்ச் 24, செவ்வாய்

மீனவர் சங்கத்தில் விசாரணை. கடலில் நடப்பதை எழுதிவைக்க அங்கே ஒரு பதிவேடு உண்டு. செயலாளர் ஏற்கெனவே பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: சுக்கான் பிடித்தவர் போதையில் இருந்ததால் நேர்ந்தது. ஏப்ரல் ஏழாம் தேதி பத்து மணிக்குக் கூடி, மறுப்பு இல்லையென்றால் மையால் எழுதுவார்களாம். மையில் ஏறிவிட்டால் மச்சானின் உரிமம் போகும். எந்தப் படகும் அவரைச் சேர்க்காது. அதுமட்டுமா? போதை என்று எழுதிவிட்டால் வெயில் காரணமில்லை. வெயில் காரணமில்லை என்றால் எந்தப் படகிலும் யாரும் தார்ப்பாய் கட்ட வேண்டியதில்லை. ஒரே வரியில் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடலாம்.

டாக்டரின் சீட்டை நீட்டினேன். "டாக்டர் கரையில இருந்தவருங்க. கடல்ல என்ன நடந்துச்சுன்னு படகுல இருந்தவங்கதான் சொல்லணும்" என்றார் செயலாளர்.

எதிரே அண்ணன். மொட்டையும் மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அண்ணனின் ஆட்கள். நான்?

"நீங்க என்ன பார்த்தீங்க, வாத்தியாரே?"

"கவனிக்கலை" என்றேன்.

பொய்யில்லை. திரும்பிப் பார்க்காதவன் எப்படிக் கவனிப்பான்?

மார்ச் 25, புதன்

கவனிக்கலை. கவனிக்கலை. கவனிக்கலை.

மார்ச் 28, சனி

மனைவி நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கே திருப்பிக் காட்டுகிறாள் போலும். இன்று தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? பேப்பர்ல எவனோ தப்பா எழுதிட்டான்னா அரை நாள் கத்துறீங்க. எங்க அண்ணனைக் குடிகாரன்னு எழுதப் போறாங்க. உங்களுக்கு வாய் வரலையா?"

"கையெழுத்துப் போட்டு ஒருமுறை பட்டாச்சு" என்றேன்.

"பட்டது நீங்களா? வேலை போச்சு, வந்து படகுல உட்கார்ந்தீங்க. எங்க அண்ணன்தான் பேசி, உங்க அண்ணன்கிட்ட இடம் வாங்கிக் கொடுத்தாரு. அது தெரியுமா?"

தெரியாது. பன்னிரண்டு வருடமாக, அண்ணனாகவே கூப்பிட்டான் என்று நினைத்திருந்தேன். யாரிடம் கோபப்படுவது என்றே இப்போது தெரியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மச்சானைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். அப்படியும் பாதி சட்டையில் கொட்டுகிறது. என்னைப் பார்த்ததும் டம்ளரைத் தட்டினார். டிங் டிங்.

"மணி அடிச்சாச்சு மாப்பிள. தண்ணி குடிக்கிறேன்." ஒவ்வொரு சொல்லும் வழுக்கி வழுக்கி வந்தது. "நான் பேசுறதைக் கேட்டா, நானே என்னைக் குடிச்சிருக்கேன்னுதான் சொல்வேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிட்டேன். முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்ததை, நிழல் சுற்றியதை, தெரிந்தும் திரும்பாததை, எல்லாவற்றையும்.

டம்ளரை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"உங்க தொப்பியைப் பார்த்துத்தான் ஓட்டுனேன் மாப்பிள. கண்ணுக்குக் கரை தெரியல. தண்ணி, வானம் ஒண்ணும் தெரியல. உங்க தொப்பி மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. அது போற பக்கம் போனா கரை வந்துடும்னு நெனச்சேன்."

தொப்பி அதே படகில் இருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு எங்கே போய்ச் சேர்வது? வட்டமடிக்கத்தான் முடியும்.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எழுதப் போகிறேன் என்றேன். நடந்ததை எழுதி, சங்கப் பலகையில் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டப் போகிறேன்.

"எழுதுங்க. ஆனா பேரு போடாதீங்க."

"பயமெல்லாம் போச்சு மச்சான்."

"பயத்துக்குச் சொல்லல. உங்க பேரைப் போட்டா அண்ணன் தம்பி சண்டைன்னு சிரிச்சிட்டுப் போயிடுவானுங்க. பேரு இல்லேன்னா என்ன எழுதியிருக்குன்னு படிப்பானுங்க."

ஏப்ரல் 4, சனி

எழுதினேன். பதிமூன்று பக்கம்.

படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அப்பாவின் படகு எப்படி அண்ணன் பேருக்குப் போனது. இரண்டாவதில் அவன் கல்யாணத்தில் என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்தது. நான்கு, ஐந்து, ஆறு தலைமையாசிரியருக்கு. வயர்லெஸ்ஸில் சிரித்த படகுகளின் பட்டியல் ஒரு பக்கம். மச்சான் விழுந்தது பதினோராம் பக்கத்தில்தான் வருகிறது!

எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் மச்சான் பதினோராம் பக்கம்வரை வெயிலில் கிடக்கிறார்.

பத்துப் பக்கத்தைக் கிழித்தேன். பல்லைப் பிடுங்குவது போல் இருந்தது. அண்ணனைக் குத்தும் ஒரு நல்ல வாக்கியம் இருந்தது. அதற்காக மட்டும் ஒரு தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

பிறகு அதையும்.

ஏப்ரல் 6, திங்கள்

மாலையில் வாசலில் மொட்டை. உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றான்.

"ஏதோ எழுதுறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"உங்க மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன்." தலையைத் தடவிக்கொண்டான். அவன் தலையும் உரிந்துபோய்த்தான் இருக்கிறது. "ஐஸ் பெட்டி மேல ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டுத் தர மாட்டேன்னான்னு அதுல எழுதுங்க வாத்தியாரே. அதை விட்டுட்டு எழுதுனா முழுசா இருக்காது."

"உன் வேலை?"

"பேரு போடலைல்ல?"

"போடல."

"அப்ப எழுதுங்க. தெரிஞ்சவன் தெரிஞ்சுக்கட்டும்."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். அவன் எதிரிலேயே எழுதி முடித்தேன். இதுதான்:

மார்ச் 18 அன்று எங்கள் படகில் சுக்கான் பிடித்தவர் குடித்திருக்கவில்லை. விடியலிலிருந்து இரண்டு மணிவரை வெயிலில், மாற்ற ஆளில்லாமல், ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார். வியர்வை நின்றது, நாக்கு குழறியது. அது வெயில். நிழலுக்குக் கட்டியிருந்த குழாய்களை அதற்கு முந்தைய மாதம் கொடிக்கம்புக்காக எங்களில் ஒருவன் அறுத்தான். தார்ப்பாய் வலைக்குப் போர்த்தியிருந்தது. அவர் குழறுவதைக் கேட்டும் ஒருவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து மீனைக் காத்தான். கரையில் ஒருவர் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, குடித்திருக்கிறான் என்றார். ஏப்ரல் 7 பத்து மணிக்குப் பதிவேட்டில் மையால் எழுதுவதற்கு முன், டாக்டரின் சீட்டைப் பாருங்கள்; படகில் இருந்த எல்லாரையும் மறுபடி கேளுங்கள். இந்தமுறை பதில் சொல்வோம். உங்கள் படகில் நிழல் யாருக்கு இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

"சொல்வோம்னு போட்டிருக்கீங்க" என்றான் மொட்டை.

"அடிச்சிடட்டுமா?"

டம்ளரைக் கீழே வைத்தான். "இருக்கட்டும்."

என் கையெழுத்துப் பாணி துறையில் எல்லாருக்கும் தெரியும். பத்து வருடமாக அந்தப் பலகையில் தொங்கும் அறிவிப்பெல்லாம் நான் எழுதிக்கொடுத்ததுதான். அண்ணனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும். இது ஒளிந்துகொள்வதற்கு இல்லை. கீழே என் பெயர் இருந்தால் இது என்னுடைய கோபமாகிவிடும். என் கோபத்துக்கு இந்த நோட்டு போதும்.

பழக்கதோஷத்தில் கையெழுத்துக்கென்று கீழே இரண்டு அங்குலம் விட்டிருந்தேன். மனைவியிடம் கத்தரிக்கோல் வாங்கி அதை வெட்டி எடுத்துவிட்டேன். அவள் கோந்துப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

காலையில் படகுகள் கிளம்புமுன் ஒட்டிவிடுவேன். பலகையின் இடப்பக்கம் மட்டும் கூரையின் நிழல் விழும், அங்கேதான் ஒட்ட வேண்டும். வெயில் பட்டால் மை மங்கிப்போகும்.